ஒரே அறையில் மூன்று வகுப்பு: ஈராசிரியர் பள்ளியில் கணக்குப் பாடவேளை

60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வகுப்புகளோ ஐந்து. பெரும்பாலும் ஒருவர் 1 முதல் 3 வரை பார்க்கிறார்; 4, 5 இன்னொருவருக்கு. தொண்டை கட்டுவது பாடம் நடத்தி அல்ல, மற்ற இரண்டு வகுப்பை அதட்டி. ஆகவே நடத்தப்போகும் பாடத்துக்கு முன்பாக, காத்திருக்கப்போகும் பிள்ளைகளுக்கான வேலையைத் தயார் செய்யுங்கள்.

மூன்று வகுப்பும் ஒரே பலகையைப் பார்த்து உட்காரக் கூடாது. ஒன்றாம் வகுப்பு உங்களுக்குப் பக்கத்தில், மூன்றாம் வகுப்பு எதிர்ச்சுவரைப் பார்த்து. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்றே கரும்பலகை அடித்தார்கள். பீரோ மறைத்திருந்தால் நகர்த்துங்கள். மங்கியிருந்தால் கரும்பலகைப் பெயின்ட் ஒரு பூச்சு போதும். காசுக்கு மானியத்தையே நம்பியிருக்க முடியாது. பள்ளி மானியம் வருவது சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில்; தமிழ்நாட்டுக்கான அதன் 2024-25 நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெயின்டையே நேரடியாகக் கேளுங்கள்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். மணி அடிக்கும் முன்பே 2, 3ஆம் வகுப்புக்கான வேலை பலகையில் இருக்க வேண்டும். முதல் 5 நிமிடம் அதைத் தொடங்கி வைக்க. பிறகு ஒன்றாம் வகுப்புக்கு 10. சின்னப் பிள்ளைகளால் காத்திருக்க முடியாது. அடுத்து இரண்டாம் வகுப்புக்கு 10, மூன்றாம் வகுப்புக்கு 10, திருத்த 5.

‘பார்த்து எழுது’ என்பது வேலை ஆகாது. கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டும். மற்றது படிக்காமலே படம் வரைவதுபோல் எழுதும். கேட்காமல் தொடங்கவும் தானே சரிபார்க்கவும் முடிகிற வேலைதான் தாங்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, முன்பக்கம் நான்கு கணக்கு, பின்பக்கம் விடை எழுதுங்கள். தவறான விடையையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். 402 − 157 போட்டால் பல பிள்ளைகள் 355 என்பார்கள். எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் ‘355 வந்ததா? குச்சியை எடு’ என்று இருக்கட்டும். விளக்குமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு நூறு. நான்கு நூறு, இரண்டு தனிக் குச்சி. ஒரு நூறைப் பிரித்தால் பத்துக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் பத்துக் குச்சி. இப்போது கையில் 3 நூறு, 9 கட்டு, 12 குச்சி. நடுவில் பூஜ்யம் ஏன் 9 ஆகிறது என்பதைப் பிள்ளை கையாலேயே பார்த்துவிடும். மீதி 245.

தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளின் திறனை வைத்துப் பிரிக்கிற அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் நிலைகள் இங்கே உண்மையில் உதவும். கழித்தலில் அரும்பு நிலையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை, அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும், இரண்டாம் வகுப்போடு உட்கார வையுங்கள். ‘நீ அரும்பு’ என்று எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை மறுநாள் கை தூக்காது.

தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதற்கென ஒரு பையில் 30 அட்டை தனியாக வையுங்கள். காலையில் 20 நிமிடம் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் இரண்டிரண்டு பேராக வாசிக்கட்டும். பெரிய பிள்ளையின் கையில் புத்தகம் மட்டும், பிரம்பு வேண்டாம்.