பாசிக் கயிறு கட்டுவது எப்படி? முதல் கயிறு இறக்குகிறவர்களுக்கு

பாசிக் கயிறு என்பது கடலில் நட்ட தடிகளுக்கு நடுவே கட்டி, கடற்பாசி நாற்றுகளை வளர்க்கும் கயிறு. யாழ்ப்பாணத்தில் வேலணைப் பக்கம் பரவைக்கடலில் நான் முதன்முதல் அப்படி ஒன்றை இறக்கி ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன். தடி நிற்கிறது, கயிறு இருக்கிறது, மிதவை ஆடுகிறது, பாசியில் முக்கால்வாசியைக் காணோம். களவுதான் என்று நினைத்து ஊரில் இரண்டு பேரை மனதுக்குள் திட்டியும் விட்டேன். பாவம் அவர்கள். பிழை என் கட்டில் இருந்தது.

நான் சொல்வது கப்பாபைக்கஸ் பாசி. பிலிப்பைன்ஸ் கடலில் இருந்து உலகமெல்லாம் போனது. இதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழாக்கும் பொருள் ஐஸ்கிறீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசி வேறு. அது அகார் என்ற பொருள், கஞ்சிப்பாசி மாதிரியான இனங்களில் இருந்து வருவது. இதைக் காய்ச்சி அது வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

அனுமதியும் இடமும்

நெக்டாவிடமும் (நீர்வாழ் உயிரின வளர்ப்பைக் கவனிக்கும் அரச அதிகாரசபை) கடற்றொழில் திணைக்களத்திடமும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். தடி நட்டு நிலையாகக் கட்டும் களங்கண்டி வலைக்காரரின் இடத்திலோ வள்ளம் போய்வரும் வழியிலோ தடி நட்டால், கடதாசி எத்தனை வைத்திருந்தாலும் கயிறு நிலைக்காது.

வற்று நேரத்திலும் இடுப்பளவு தண்ணீர் வேண்டும். நீரோட்டம் வேண்டும், ஓடாத தண்ணீரில் பாசியில் அழுக்குப் படிந்து, வேறு பாசி ஒட்டிக்கொள்ளும். பவளப்பாறை இருக்கும் பக்கமே போகவேண்டாம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் இதே பாசி படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அறுந்த துண்டுகளை நான் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் கரையேறுவேன்.

சாமான்கள்

தடிகள், நட ஒரு அலவாங்கு, 6 மில்லிமீற்றர் கயிறு, கட்டுவதற்கு மெல்லிய பின்னல் நூல், மிதவைக்கு வெறும் போத்தல்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் வெயிலில் சீக்கிரம் வெடித்து உடைந்துவிடுகிறது. மூடி இறுக்கமான 5 லீற்றர் கான்தான் என் தெரிவு. ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டு வேண்டவே வேண்டாம், உதிர்ந்து கடலெல்லாம் வெள்ளைப் பொடி. கறள் பிடிக்காத கூரான கத்தி ஒன்றும் தேவை. பாசியைக் கையால் ஒடித்தால் காயம் பெரிதாகி அங்கிருந்து அழுகும்.

நாற்றுக் கட்டுவது

நான் தோற்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாற்றுக்கு இளம் நுனிகளை எடுங்கள். வளைத்தால் துள்ளி நிமிரவேண்டும். ஒரு நாற்று 100 கிராம் அளவு. கொண்டுவரும்போது கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடுங்கள். என் அம்மா 'வாடிப்போகுதே' என்று கிணற்றுத் தண்ணீரைத் தெளித்துவிட்டார். நல்ல தண்ணீர் இதற்கு நஞ்சு மாதிரி.

20 முழக் கயிறு என்றால் ஒரு சாண் இடைவெளியில் ஏறக்குறைய 40 நாற்று. முதல் தடவை நான் வலை முடிகிற பழக்கத்தில் தங்கூசியால் (ஒற்றை நைலோன் நரம்பு) இறுக்கிச் சுருக்குப் போட்டேன். அசையாமல் நின்றது, பெருமையாகவும் இருந்தது. ஆனால் பாசி பருக்கிறது. பருக்கப் பருக்கத் தங்கூசி உள்ளே வெட்டுகிறது, அலை ஆட்ட ஆட்ட அறுக்கிறது. ஆறு நாளில் எல்லாம் போய்விட்டது.

இப்போது செய்வது இப்படி: ஒரு சாண் பின்னல் நூலை எடுத்து, பெரிய கயிற்றின் முறுக்கை விரித்து நடுவே நுழைக்கிறேன். அப்போது அது வழுக்கி நகராது. இரு நுனிகளையும் பாசியின் அடிக்கிளைகள் பிரியும் கவையில் வளைத்து, சுண்டுவிரல் உள்ளே போய்வரும் அளவு வளையம் விட்டு முடிச்சுப் போடுகிறேன். முடிச்சு இறுகலாம், வளையம் இறுகக்கூடாது. கட்டியதும் கயிற்றைத் தூக்கி இரண்டு தரம் உதறுங்கள். விழுவது அங்கேயே விழட்டும், திரும்பக் கட்டலாம். நிழலில் இருந்து கட்டுங்கள். ஒரு கயிறு முடிந்ததும் தண்ணீருக்குள் போடுங்கள். நாற்பதையும் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்றால் பாதி வெந்துவிடும்.

பிறகு

கயிறு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கட்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் உலுப்பிவிடுங்கள். கிளை வெளுத்து மெத்தென்று ஆனால் அந்தத் துண்டை உடனே வெட்டி எடுங்கள். இடம் நல்லதென்றால் 45 நாளில் நாலு மடங்குக்கு மேல் வளரும். தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் 60 கிலோ நாற்றுக் கட்டிய தெப்பத்தில் 260 கிலோவரை எடுக்கிறார்கள்.

அறுத்ததும் அடுத்த கயிற்றுக்கு நுனிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காயப்போடுங்கள். மணலில் போடவேண்டாம். தடி நட்டுப் பழைய வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்புங்கள். பக்கத்தில் தறப்பாள் இருக்கட்டும். பாதி காய்ந்தது மழையில் நனைந்தால் சத்துக் கரைந்துபோகும். 10 கிலோ பச்சை ஏறக்குறைய 1 கிலோவாக வற்றும்.

பிற்சேர்க்கை 1: அராலியில் இருந்து ஒருவர், ஐப்பசி மழைக்குப் பிறகு நான்கு நாளில் எல்லாம் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். அவருடைய கயிறு வழுக்கியாறு வந்து கடலில் விழும் பக்கம். ஆற்றுத் தண்ணீர் இறங்கினால் உப்பு ஒரேயடியாகக் குறையும். இந்தப் பாசிக்கு லீற்றருக்கு 30 கிராம் உப்பாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கட்டவேண்டாம். நாற்றை மட்டும் வெளிக்கடல் தண்ணீர் வந்துபோகும் இடத்துக்கு மாற்றி வைத்திருங்கள்.

பிற்சேர்க்கை 2: நுனிகள் மட்டும் கத்தரித்த மாதிரி காணாமல் போகின்றன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அது ஓரா மீன். சாதாளைக்குள் (கடலடியில் வளரும் புல்) இருந்து கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும். நான் கயிற்றைச் சாதாளைப் படுக்கையில் இருந்து தள்ளி வெறும் மணல் தரைக்கு மாற்றினேன், குறைந்தது. மாற்ற இடமில்லாதவர்கள் பழைய வலையால் சுற்றி அடையுங்கள். சிக்குகிற ஓரா இரவுக் கூழுக்கு ஆகும்.