கையடக்க ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: தரத்தையும் மதிப்பையும் கணிக்கும் முறை

கைக்குள் அடங்கும் ஒரு டிஏசி-ஆம்ப்ளிஃபயரை (டிஜிட்டல் இசையை மின்சமிக்ஞையாக மாற்றி, ஹெட்ஃபோனுக்கேற்ப வலுப்படுத்தும் கருவியை) மட்டும் தனியே எடுத்துவைத்து, இது நல்லதா, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. எந்த ஹெட்ஃபோனை அது இயக்கப்போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய ஹெட்ஃபோனைத் தடையின்றி இயக்கும் கருவியே நுட்பமான (சிறு மின்திறனிலேயே உரத்து ஒலிக்கும்) இயர்ஃபோனில் ஓயாத இரைச்சலைத் தரலாம். இயர்ஃபோனில் மாசற்று ஒலிக்கும் சிறிய டாங்கிள் (ஃபோனில் செருகும் குட்டி டிஏசி-ஆம்ப்ளிஃபயர்) 300 ஓம் ஹெட்ஃபோனில் திணறலாம். ஆகவே கருவிகளின் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே உங்கள் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓம் அலகில்), உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு அது எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பது) ஆகிய இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கையிலுள்ள ஃபோனோ மடிக்கணினியோ போதிய உரப்புடன், இரைச்சல் இல்லாமல் ஒலிக்கிறது என்றால் புதிய கருவி உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்திறனைப் படிக்கும்போது அலகைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும். சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் அச்சிடுகின்றன. 16 ஓம் இயர்ஃபோன் ஒன்று மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தருமானால், அதே இயர்ஃபோன் வோல்ட் கணக்கில் ஏறக்குறைய 123 டெசிபல் தரும். அலகைப் பார்க்காமல் ஒப்பிடுபவர் ஒரே பொருளை இரண்டு வேறு பொருள்களாகக் கருதிவிடுவார்.

இசையின் உச்ச கணங்களுக்கு 110 டெசிபல் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 300 ஓமும் மில்லிவாட்டுக்கு 97 டெசிபலும் கொண்ட ஹெட்ஃபோனுக்கு இன்னும் 13 டெசிபல் வேண்டும்; அதாவது 20 மில்லிவாட். மின்திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2.45 வோல்ட் வருகிறது. மேலே சொன்ன 16 ஓம் இயர்ஃபோனுக்கோ ஏறத்தாழ 3 மில்லிவாட், அதாவது கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். 1 வோல்ட் தரும் எளிய டாங்கிள் அந்த இயர்ஃபோனுக்குத் தேவைக்கு மேல் வலிமையானது. அந்த 300 ஓம் ஹெட்ஃபோனில் அதே டாங்கிள் உச்சமாக 102 டெசிபல் வரை செல்லும். மிதமான உரப்பில் கேட்பவருக்கு இதுவும் போதலாம். ஆனால் மெல்லிய பகுதிகளுக்கும் பலத்த பகுதிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு கொண்ட இசைப்பதிவுகளில் பற்றாக்குறை தெரியும்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் மில்லிவாட் எண் பெரும்பாலும் 32 ஓமுக்கு அளந்தது. 32 ஓமில் 300 மில்லிவாட் என்றால் சுமார் 3.1 வோல்ட். அதே வோல்ட்டேஜ் 300 ஓமில் 32 மில்லிவாட்டை மட்டுமே தரும். மேலும், மின்திறன் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் உயர்கிறது. காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்திறன் வேண்டும். இதை அறிந்தவர் 300-க்கும் 400-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் தரமாட்டார்.

என் கணிப்பில், வாங்குபவர்கள் மிகக் குறைவாகப் பார்ப்பதும், ஒலியை மிகத் தெளிவாக மாற்றுவதும் வெளியீட்டு இம்பீடன்ஸ்தான், அதாவது கருவியின் வெளியீட்டிலேயே உள்ள எதிர்ப்பு. பல இயக்கிகள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) கொண்ட இயர்ஃபோன்களின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் அதிர்வெண்ணில் 8 ஓமும் மற்றொன்றில் 40 ஓமும் உள்ள இயர்ஃபோனை 10 ஓம் வெளியீட்டில் செருகினால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. வெளியீடு 1 ஓம் என்றால் அது 0.8 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. 5 டெசிபல் என்பது ஈக்வலைசரைத் திருகியதைப் போன்ற மாற்றம். அதைத்தான் பலர் கருவியின் ‘குணம்’ என்று புகழ்கிறார்கள் அல்லது குறைசொல்கிறார்கள். வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் விதி. இயர்ஃபோன் பயன்படுத்துவோர் 1 ஓமுக்கு அருகில் உள்ளதையே தேடுவது நல்லது. விவரக்குறிப்பில் இந்த எண்ணே இல்லையென்றால் நம்பத்தக்க அளவீடுகளைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது இரைச்சல். வோல்ட்டுக்கு 123 டெசிபல் தரும் இயர்ஃபோனில், 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் 23 டெசிபல் ஒலியாகிறது. அமைதியான அறையில் அது கேட்கும். 2 மைக்ரோவோல்ட் என்றால் 9 டெசிபல்தான். நடைமுறையில் அது கேட்காது. சோதிக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் போதாது, ஏனெனில் சில கருவிகள் சமிக்ஞை நின்றதும் வெளியீட்டையே துண்டித்துவிடும். ஒலியே இல்லாத ஓர் ஆடியோ கோப்பினை ஓடவிட்டு, கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைவில் வைத்தும் அதிகத்தில் வைத்தும் கேட்க வேண்டும். ஃபோனை அருகே வைத்து இணையத்தைப் பயன்படுத்தும்போது சடசடப்பு நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உள்ளிருக்கும் டிஏசி சிப்பின் பெயருக்கும் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களுக்கும் பெரிய இடம் தர வேண்டியதில்லை. குறுந்தகட்டின் 16 பிட்டே சுமார் 96 டெசிபல் வீச்சைத் தருகிறது, அதன் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (ஒலியை நொடிக்கு 44,100 முறை அளப்பதில்) பதியக்கூடிய அதிர்வெண்கள் மனிதக் காது கேட்கும் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. ஒரே சிப்பைக் கொண்ட இரண்டு கருவிகளில் மின்வழங்கலும் வெளியீட்டுப் பகுதியும் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். ஒலிச்சிதைவு 0.01 சதவீதம் என்பது இசையைவிட 80 டெசிபல் கீழே இருப்பது. ஹெட்ஃபோன்கள், குறிப்பாகத் தாழ்ந்த சுரங்களில், தாமே உண்டாக்கும் சிதைவு பெரும்பாலும் இதைவிட மிக அதிகம்.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் வெளியீடு (இடது, வலது ஒலிகளுக்குத் தனித்தனி இணைக் கம்பிகள் கொண்டது) பொதுவாக வோல்ட்டேஜை இரட்டிப்பாக்குகிறது. மேலே கணக்கிட்ட 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது உண்மையான உதவி. இயர்ஃபோனுக்கோ தேவையற்ற வலிமையும், கூடுதல் வெளியீட்டு இம்பீடன்ஸும், சில வேளைகளில் கூடுதல் இரைச்சலுமே வந்து சேரும்.

எண்களைப் பார்த்து முடித்த பிறகு காதால் ஒப்பிடுங்கள். ஆனால் உரப்பைச் சமப்படுத்தாத ஒப்பீட்டை நம்பாதீர்கள். சற்றே உரத்து ஒலிப்பது தெளிவாகவும் ஆழமாகவும் தோன்றுவது செவியின் இயல்பு. எல்லா ஈக்வலைசர் வசதிகளையும் அணைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஹெட்ஃபோனும் இணைந்திருக்கும் நிலையில், வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்து இரண்டு கருவிகளையும் 0.1 டெசிபலுக்குள், அதாவது ஏறக்குறைய 1 சதவீத வோல்ட்டேஜ் வேறுபாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பின்னர் இன்னொருவர் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கருவியை மாற்றட்டும். 16 முறையில் குறைந்தது 12 முறை சரியாகக் கண்டறிந்தால், வெறும் ஊகத்தால் அவ்வளவு சரியாக வந்துவிடும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குக் கீழே நின்றால், விலை அதிகமான கருவியைத் திருப்பித் தந்துவிட்டு அந்தப் பணத்தை ஹெட்ஃபோனில் போடுவதே அறிவுடைமை. ஹெட்ஃபோன்களுக்கு இடையிலான ஒலி வேறுபாட்டைக் கேட்க இத்தகைய சோதனை எதுவும் வேண்டியதில்லை.

இனி அன்றாடப் பயன்பாடு. ஆண்ட்ராய்ட் ஃபோன்களில் சில டாங்கிள்கள் முழு உரப்பை எட்டுவதில்லை. ஆகவே உங்கள் ஃபோனிலேயே சோதித்துப் பாருங்கள். உரப்பின் படிகள் பெரிதாக இருந்தால், நுட்பமான இயர்ஃபோனில் ஒரு படி குறைவாகவும் அடுத்த படி மிகையாகவும் இருந்து நாள்தோறும் எரிச்சலூட்டும். மின்கலம் இல்லாத கருவி ஃபோனின் சார்ஜைத் தின்னும். மின்கலம் உள்ளது சில ஆண்டுகளில் தளரும், ஆதலால் அதை மாற்ற வழியுண்டா என்று விசாரியுங்கள். உடலோடு ஒட்டிய கேபிளைவிடக் கழற்றி மாற்றக்கூடிய கேபிளே நெடுநாள் உழைக்கும். புதிய கருவியை முதன்முறை செருகும்போது இயர்ஃபோனைக் காதில் வைக்காதீர்கள். சில கருவிகள் முழு உரப்பிலேயே தொடங்கும். குறைத்துவிட்டுப் பிறகு அணியுங்கள்.