ரிட்டர்ன் லோடு பிடித்த பிறகுதான் கையில் காசு நின்றது

ஆத்தங்குடித் தரைக்கல்லை லாரியில் வைக்கோல் வைத்து அடுக்கி, காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஓட்டுவேன். ஒரு வழி சுமார் 400 கிலோமீட்டர். என் வண்டிக்கு லிட்டருக்கு 5 கிலோமீட்டர், அதாவது 80 லிட்டர் டீசல். முன்பெல்லாம் இறக்கியதும் வீட்டு நினைப்பில் ரிட்டர்ன் லோடு (திரும்பும் வழிக்கான சரக்கு) பிடிக்காமல் காலியாகவே திரும்பிவிடுவேன். டியூ (வண்டிக் கடன் தவணை) கட்டக் கடன் வாங்கிய மாதங்கள் உண்டு.

பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். டீசல், டோல், கிளீனர் பேட்டா (உதவியாளுக்கான படி), டியூ, இன்சூரன்ஸ், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தேன். டயரை அதுவரை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை, பெரிய தப்பு அது. அந்தத் தொகைக்குக் கீழே வாடகை பேசினால் இப்போது வண்டியை எடுப்பதில்லை. கிளம்பும் முன்பே சென்னை மாதவரத்தில் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸுக்குப் போன் போட்டு, "அண்ணே, நம்ம பக்கம் லோடு இருக்கா?" என்று கேட்டுவிடுவேன். திருச்சி வரை கிடைத்தாலும் போதும், மீதி 90 கிலோமீட்டர்தான் காலி ஓட்டம்.