பழைய பிரியஸ் வாங்கியவர்கள் நிலுவைச் சர்வீஸில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் 2010ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். வாங்கி மூன்று மாதம்தான். மீற்றரில் 2,14,000 கிலோமீற்றர். பின் ஆசனத்தில் ஒரு பை நிறையக் கழற்றிய சாமான்கள்: நாலு பிளக், நாலு கொயில், ஒரு எஞ்சின் மவுன்ற். "அண்ணை, எல்லாம் மாத்தியாச்சு. காலமை முதல் ஸ்டார்ட்டில மட்டும் கார் நடுங்குது, பிறகு ஒண்டுமில்லை" என்றார். போனற்றைத் திறக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. அதே நடுக்கத்துக்கு அதே சாமான்களை நானும் ஒரு காலத்தில் மாற்றியிருக்கிறேன்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை இலங்கை அரசாங்கம் 2025இல்தான் தனியாருக்கு மறுபடி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில், முன்பு ஜப்பானிலிருந்து வந்த, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. ஒவ்வொருவரும் "அடுத்த முறை பார்ப்போம்" என்று தள்ளிவைத்த வேலையெல்லாம் கடைசியாக வாங்கியவர் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நிலுவையைத் தீர்க்கும்போது எங்கே பிழைக்கிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். எயார் ஃபில்டர், வைப்பர், ரயர் காற்று பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றை யாரும் மறப்பதில்லை.

மீற்றரை நம்புவது

மீற்றரில் உள்ள எண் எந்த வேலையும் செய்ததற்குச் சாட்சி அல்ல. பில் இல்லாத வேலை செய்யாத வேலை. அப்படியே கணக்கில் எடுங்கள்.

கூலன்ட் குறைந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவது

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு 1.8 லீற்றர் எஞ்சின். எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஈ.ஜி.ஆர் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. புகையைக் குளிரவைக்கும் கூலர் எஞ்சினுக்குப் பின்னால், கை போக இடமில்லாத மூலையில் ஒளிந்திருக்கும். அதன் உள்வழிகள் மிகக் குறுகியவை. ஓட ஓட அதில் கரி படியும். கூலரைத் தாண்டினால், எஞ்சினுக்குக் காற்றைப் பகிரும் இன்ரேக் மனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் சின்னத் துவாரங்களும் அடைபடும். எல்லாம் ஒரே அளவில் அடைபட்டாலாவது பரவாயில்லை. ஒன்று திறந்திருக்க, பக்கத்தில் உள்ளது மூடிவிடும். குளிர்ந்த புகை கிடைக்காத சிலிண்டரில் சூடு ஏறும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். அந்தச் சூட்டை வருடக்கணக்காகத் தாங்கிய அது கடைசியில் விட்டுவிடும்.

விட்ட முதல் நாளில் வெள்ளைப் புகையும் வராது, எச்சரிக்கை விளக்கும் வராது. காரை நிறுத்திய பிறகும் குழாய்களுக்குள் அழுத்தம் இருக்கும் அல்லவா? அந்த அழுத்தத்தில், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் இரவோடு இரவாகச் சில துளி சிலிண்டருக்குள் கசியும். காலையில் அந்தச் சிலிண்டர் எரியாது. கொஞ்ச நேரம் கார் உதறும், ஈரம் காய்ந்ததும் சீராகிவிடும். கூலன்ட் போத்தலில் மாதத்துக்கு ஒரு விரலளவு இறங்கும். பிளக்கில் பிழை தேடுகிறவர்கள் அந்த ஒரு விரலைப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களோ கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் றேடியேற்றருக்குள்ளும் படியும். "எங்கட ஊரில என்ன பனியே கொட்டுது? கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் எங்கள் வெயிலுக்கு வேண்டிய வேலைகள்.

என் கதை இது. 2016. அப்போது நான் கராஜ் தொடங்கவில்லை. காலை நடுக்கத்துக்குப் பிளக்கும் கொயிலும் மாற்றியிருந்தேன், போத்தலில் குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். கொழும்புக்குப் போகும் வழியில், ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தக் காரில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. விளக்கு எரிகிறது என்றால் சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ஆறவிட்டு, இரண்டு போத்தல் தண்ணீர் ஊற்றி, வவுனியா வரை ஓட்டினேன். மாங்குளத்திலேயே நிறுத்திக் கட்டி இழுத்திருந்தால் கேஸ்கட்டோடு போயிருக்கும். வவுனியாவில் ஹெட் வளைந்துவிட்டது.

ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டேன். பூட்டித் தந்தவர் என் பழைய எஞ்சினின் ஈ.ஜி.ஆர் கூலரையே கழுவாமல் அதில் மாட்டிவிட்டார். கேட்க எனக்கும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் மறுபடி அதே காலை, அதே நடுக்கம். இரண்டு தடவை கொட்டிய காசில் ஒரு தடவையாவது மிஞ்சியிருக்கும், யாராவது ஒருவர் அந்தக் கூலரைக் கழற்றிக் காட்டியிருந்தால்.

ஆகவே கூலன்ட் குறைகிறது என்றால் ஊற்றுவதற்கு முன் சோதியுங்கள். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லையென்றால் கூலன்ட் மூடியின் இடத்தில் அழுத்தமானியைப் பூட்டி, காற்றடித்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பிளக்குகளைக் கழற்றிச் சின்னக் கமெராவை உள்ளே இறக்கிப் பாருங்கள். தம்பியின் காரில் மூன்று பிஸ்டனின் தலை கரியப்பிக் கறுப்பாக இருந்தது. ஒன்று மட்டும் கழுவித் துடைத்த தாச்சி போல மினுங்கியது. கசிந்த கூலன்ட் நீராவியாகிக் கழுவிய கழுவல் அது. அவருக்குக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பையைப் பார்த்தார்.

கேஸ்கட் இன்னும் நலமாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உடனே கூலர், ஈ.ஜி.ஆர் வால்வு, மனிஃபோல்ட் மூன்றையும் கழற்றிக் கழுவுங்கள். வால்வை மட்டும் கழுவிவிட்டு முழுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நில்லுங்கள். கூலரின் ஒரு வாயில் தண்ணீர் ஊற்றினால் மறுவாயால் தடையின்றி ஓட வேண்டும். நூல் போல இறங்கினால் இன்னும் கழுவ வேண்டும். போதிய புகை போகவில்லை என்று சொல்லும் பி0401 குறியீடு வரும்வரை காத்திருக்காதீர்கள். அது கடைசியில்தான் வரும்.

மறுபடி நிரப்புவது ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட். கலந்தே வருகிறது, தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. முதல் மாற்றம் 1,60,000 கிலோமீற்றரில், பிறகு 80,000க்கு ஒரு தடவை. பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் போத்தல் உண்டு, அதையும் கேட்டு மாற்றுங்கள். தண்ணீர் பம்ப் பெல்ற்றில் ஓடுவதல்ல, மின்சாரத்தில் ஓடுவது. சத்தமே போடாமல் நின்றுவிடும். காரின் கணினியை வாசிக்கும் மலிவான ஸ்கேனர் ஒன்றைப் போனோடு இணைத்து, நீண்ட பயணத்தில் எஞ்சின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

விசிறியைப் பார்க்காமல் பற்றரிக்கு விலை கேட்பது

பிரியஸின் பெரிய பற்றரி 28 கட்டைகள் சேர்ந்த 201.6 வோல்ட் அடுக்கு. அது குளிர்வது காருக்குள் இருக்கும் காற்றால்தான். பின் ஆசனத்தின் ஓரத்தில் உள்ள சல்லடை வழியே விசிறி அந்தக் காற்றை இழுக்கிறது. ஒருமுறை கழற்றிய விசிறியில் தூசியும் நாய் மயிரும் சேர்ந்து கம்பளி போலத் தடித்திருந்தது, விரலால் உரித்தெடுத்தேன். அந்தச் சல்லடைமேல் பள்ளிக்கூடப் பையையும் வைத்துவிட்டு, ஏசியையும் நிறுத்தி, வெயிலில் ஓட்டினால் பற்றரி வேகும்.

பற்றரி போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு கட்டையையும் சுமை கொடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பழுதான இரண்டு கட்டையை மட்டும் மாற்றிக் கொடுப்பது அவசரத்துக்கு உதவும். ஆனால் மற்றவையும் அதே வயதுதானே? சில மாதத்தில் அடுத்தது விழும்.

கியர் ஒயில் "ஆயுளுக்கும் போதும்" என்பது

இரண்டு மின்மோட்டார்கள் அந்த ஒயிலுக்குள்தான் சுழல்கின்றன. ரொயோட்டாவின் டபிள்யூ.எஸ் வகை ஒயில் மட்டும் ஊற்றுங்கள், வேறெதுவும் வேண்டாம். வடிக்கும் ஆணியைத் தொட முன் நிரப்பும் ஆணி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு மேல் ஆணி இறுகியிருந்தால் காரை அசைக்கவே முடியாது.

வயசான எஞ்சினென்று தடித்த ஒயில் ஊற்றுவது

இந்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில். அவ்வளவுதான்.

ஒரேஞ்சு வயர்

பெரிய பற்றரியின் மின்சாரம் ஓடும் வயர் இது. காப்புக் கையுறை போட்டு, பற்றரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, கையுறையோடுதான் தொட வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

காசு கையில் இருக்கும்போது ஆசை வரும். ஆனால் பத்துச் சாமானை ஒன்றாக மாற்றினால், புதிதாக ஒரு சத்தம் வரும்போது எதனால் என்று பிடிக்க முடியாது. முதல் கிழமை கூலன்ட் சோதனையும் ஈ.ஜி.ஆரும். அடுத்தது பற்றரி விசிறி. அப்புறம் கியர் ஒயில். பிறேக் ஒயிலை ஸ்கேனர் வைத்து வேலை செய்யும் இடத்தில் மாற்றுங்கள். இந்தக் காரின் பிறேக்கில் மின்பம்ப் இருப்பதால், பழைய முறையில் மிதித்து மிதித்துக் காற்றெடுத்தால் சரிவராது.

தம்பியின் கார் இன்னும் என்னிடம்தான் நிற்கிறது. ஹெட்டைத் தளம் சீவக் கொடுத்திருக்கிறேன். கூலரை அவரே இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவினார். மூன்றாவது வாளித் தண்ணீரும் கறுப்பாகத்தான் வந்தது.