என்கர்சஸ் நிரலில் தமிழும் சீனமும் கட்டம் தப்பாமல் நிற்க

டெர்மினல் எனும் கட்டளைத் திரையில் அட்டவணைகளும் பெட்டிகளும் வரைய உதவும் நூலகம் என்கர்சஸ். அதைப் பயன்படுத்தும் நிரலில் ஒரு தமிழ்ப் பெயர் வந்ததும் அட்டவணையின் வலப்பக்கக் கோடு விலகும். சீன எழுத்து வந்தால் வரியே குலையும். நிரல் பைட்டை எண்ணுகிறது, திரை கட்டத்தை, அதாவது ஓர் எழுத்துக்கான இடத்தை, எண்ணுகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் அது 15 பைட். யூனிகோடு குறியீடுகள் 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில், ஒரு குறியீடு எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் சார்பைக் கேட்டால் 4 கட்டம் என்கிறது: புள்ளிக்கு 0, மற்றவற்றுக்குத் தலா 1. இகரக் கொக்கிக்குத் தனிக் கட்டம் உண்டு, ஈகாரக் கொக்கிக்கு 0. யூனிகோடு அவற்றை அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கிறது. சீன எழுத்து ஒன்று பெரும்பாலும் 3 பைட், 1 குறியீடு, 2 கட்டம்.

முதலில் அடித்தளம். கணினி எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று காட்டும் ‘லோகேல் சார்மேப்’ கட்டளை யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். ‘ஏஎன்எஸ்ஐ_எக்ஸ்3.4-1968’ என்று வந்தால் அது ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆஸ்கி. அந்த நிலையில் கீழே சொல்லும் மாற்றங்கள் பயன் தராது. சிறிய கன்டெய்னர்களில் இது அடிக்கடி நடக்கும். லாங் என்ற சூழல் மாறிக்கு ‘சி.யூடிஎஃப்-8’ என்று கொடுத்தால் சரியாகும்.

நிரலில் என்கர்சஸ் திரையைத் தொடங்கும் இனிட்ஸ்கிரீனை அழைப்பதற்கு முன்பே, கணினியின் எழுத்து அமைப்பை நிரலுக்குத் தரும் செட்லோகேலை எல்சி_ஆல், வெற்றுச் சரம் என்ற இரண்டோடு அழைத்துவிடுங்கள். மறந்தால் பல பைட்டுகள் ‘எம்-’ என்று தொடங்கும் குப்பையாகத் திரையில் விழும். கர்சஸ் தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் முன் என்கர்சஸ்_வைட்சார் மேக்ரோவை 1 என்று வரையறுங்கள். இணைக்கும்போது அகல எழுத்துகளுக்கான, டபிள்யூவில் முடியும் என்கர்சஸ் நூலகம் வேண்டும். பேனல், மெனு, ஃபார்ம் நூலகங்களுக்கும் அதே டபிள்யூ வடிவம்தான். ஒன்று அகலம், மற்றொன்று பழையது என்று கலந்தால் நிரல் காரணமே தெரியாமல் விழும். பலர் பல மணி நேரம் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நிரப்பல். சாதாரண பிரிண்ட்எஃப்பில் அகலம் 20 என்று கொடுத்தால் அது பைட்டை எண்ணும். ‘தமிழ்’ 15 பைட் என்பதால் 5 இடைவெளி மட்டும் சேரும். திரையில் 9 கட்டம்தான் நிரம்பும், 11 குறையும். எம்பிஎஸ்டூடபிள்யூசிஎஸ் கொண்டு சரத்தை அகல எழுத்துகளாக்கி, முழுச் சரத்தின் அகலமாக டபிள்யூசிஎஸ்விட்த் தரும் எண்ணை 20இலிருந்து கழித்து, மீதிக்கு நீங்களே இடைவெளி இடுங்கள். சரத்தில் டேப், புதுவரி போன்றவை இருந்தால் அந்தச் சார்பு -1 தரும். அதைச் சோதிக்காமல் கழித்தால் 21 இடைவெளி விழும்.

நீளமான சரத்தை அகலத்துக்குள் வெட்டுவது இன்னும் கவனம் கேட்கும் வேலை. ஒவ்வொரு குறியீட்டின் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போய், அடுத்தது எல்லையைத் தாண்டுமென்றால் நிறுத்துங்கள். ஒரு கட்டம் மட்டும் மிஞ்சி, வருவது சீன எழுத்தென்றால் அங்கே வெற்றிடம் வையுங்கள். தமிழுக்குக் கூடுதலாக ஒரு சோதனை: வெட்டும் இடத்துக்கு அடுத்த குறியீடு பதின்ம எண்ணில் 3006 முதல் 3021 வரையோ 3031ஆகவோ இருந்தால் அது உயிர்க்குறி அல்லது புள்ளி. அந்தக் குறியைத் தாங்கும் ‘ம’ போன்ற எழுத்து வரை பின்னால் வந்து அதையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மி’ என்பது ‘ம’ என்று நின்று வேறு சொல்லாகிவிடும். தமிழ்ப் பெயர் அப்படிச் சிதைவதைப் பயனர் மன்னிக்க மாட்டார்.

விசைப்பலகையிலிருந்து வாங்க கெட்_டபிள்யூசிஎச் பயன்படுத்துங்கள். கீபேட் வசதியை இயக்கியிருந்தால், அம்புக்குறி போன்ற விசைகளுக்கு அது கீ_கோட்_யெஸ் என்று திருப்பும். அந்த மதிப்பைப் பார்க்காமல் விட்டால் அம்புக்குறியும் ஒரு எழுத்தாகப் பதிவாகும்.

இவ்வளவு செய்தும் கோடு நகர்ந்தால் டெர்மினலும் நூலகமும் அகலத்தில் ஒத்துப்போகவில்லை. எமோஜியிலும் தமிழ் உயிர்க்குறிகளிலும் இது வரும். வரியின் தொடக்கத்தில் அந்தச் சரத்தை அச்சிட்டு, எஸ்கேப் குறியீட்டோடு சதுர அடைப்பின் திறப்பு, 6, சிறிய ‘என்’ ஆகியவற்றை அனுப்புங்கள். கர்சர் நிற்கும் வரிசையும் பத்தியும் (நெடுவரிசையும்) பதிலாக வரும். பத்தி எண்ணில் 1 கழித்தால் டெர்மினல் கணக்கிட்ட அகலம். அது டபிள்யூசிஎஸ்விட்த் தந்ததோடு பொருந்தாவிட்டால், அந்தச் சரத்தை வரியின் கடைசிப் பத்தியில் வையுங்கள். அதற்குப் பின்னால் நகர்வதற்கு எதுவும் இருக்காது.