மிட்வெஸ்டில் பனிப்புயல்: எத்தனை இன்ச் விழும் என்று நாமே கணிப்பது எப்படி?

அமெரிக்காவின் நடு வடக்குப் பகுதியான மிட்வெஸ்டில், புயலுக்கு ஐந்து நாள் முன்பே, சிகாகோவுக்கு 14 இன்ச் பனி என்று ஊதா நிறத்தில் ஒரு வரைபடம் கைக்குக் கை பரவும். மறுநாள் அதே மாடல் (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்) அதே ஊருக்கு 3 இன்ச் காட்டும். மாடலைத் திட்டிப் பயனில்லை. அந்த வரைபடத்தை முதலில் பார்த்ததுதான் தவறு. தாழ்வு (புயலைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு) எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு நீர் இறங்குகிறது, மேகத்திலிருந்து தரை வரை காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, ஒரு இன்ச் நீர் எத்தனை இன்ச் பனியாகப் பொங்குகிறது என்ற நான்கையும் பார்த்த பிறகு வர வேண்டிய கடைசி எண் அது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தாழ்வு எங்கே பிறக்கிறது?

மிட்வெஸ்டுக்கு வரும் குளிர்காலத் தாழ்வுகளில் மூன்று வகையை அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கொலராடோ தாழ்வு ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உருவாகி, கான்சஸ் வழியாக வடகிழக்கே ஏறி, பெரிய ஏரிகளை நோக்கி வரும். பான்ஹேண்டில் ஹூக் டெக்சஸ், ஒக்லஹோமா மாநிலங்களின் 'பான்ஹேண்டில்' எனும் கைப்பிடி போன்ற பகுதியில் தொடங்கி முதலில் கிழக்கே நகர்ந்து, பிறகு கொக்கிபோல் வடகிழக்கே வளையும். இந்த இரண்டுக்கும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் கிடைக்கிறது. அதனால்தான் ஓரடிப் பனி விழும் புயல்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்து வருகின்றன. ஆல்பர்ட்டா கிளிப்பர் கனடாவிலிருந்து வேகமாக இறங்கும். ஈரம் குறைவு என்பதால் 1 முதல் 4 இன்ச் வரை தூவிவிட்டு ஓடிவிடும். ஆனால் குளிர் அதிகம் என்பதால் அதன் பனி பஞ்சுபோல இருக்கும்.

பெரும்பனி விழும் பட்டை, தரைமட்டத் தாழ்வு போகும் பாதைக்கு இடப்புறம், அதாவது வடமேற்கில், ஏறத்தாழ 100 முதல் 200 மைல் தள்ளி அமையும். தாழ்வு செயிண்ட் லூயிஸ், இண்டியானாபோலிஸ், டெட்ராய்ட் என்று போனால் பியோரியாவுக்கும் சிகாகோவுக்கும் யோகம். அதே தாழ்வு பியோரியா, சிகாகோ மேலேயே ஏறிப் போனால் அங்கே மழைதான். பனி டுபுயூக்குக்கும் மேடிசனுக்கும் போய்விடும். பாதை நூறு மைல் விலகினால் 12 இன்ச் பனி வெறும் ஈரத் தார்ச்சாலையாகிவிடும். நான்கு நாளுக்கு அப்பால் நூறு மைல் பிழை எந்த மாடலுக்கும் சாதாரணம்.

ஆகவே ஐந்தாம் நாள் முதல் மூன்றாம் நாள் வரை ஒரு தனி ரன்னை, அதாவது மாடலின் ஒரு முறை ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். என்செம்பிளைப் பாருங்கள். தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி அதே மாடலைப் பலமுறை ஓட்டிய தொகுப்பு அது; ஒவ்வொரு ஓட்டமும் ஒரு உறுப்பினர். ஐரோப்பிய மாடலின் என்செம்பிளில் 51 உறுப்பினர்கள், அமெரிக்க ஜி.எஃப்.எஸ். என்செம்பிளில் 31 உறுப்பினர்கள். தாழ்வின் மையங்களை எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே வரைபடத்தில் குறித்த படம் கிடைக்கும். புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் பாதையை நம்பத் தொடங்கலாம். மிசூரி முதல் கென்டக்கி வரை சிதறிக் கிடந்தால் 'பனிக்கு வாய்ப்பு உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புள்ளிகள் இரண்டு குவியலாகப் பிரிந்திருந்தால் சராசரியைப் பார்க்கவே கூடாது. எந்த உறுப்பினரும் போகாத நடுப்பாதையை அது காட்டும்.

அந்தத் தாழ்வை உண்டாக்கப்போகும் 500 மில்லிபார் அலை (சுமார் ஐந்தரை கி.மீ. உயரத்துக் காற்றோட்டத்தின் வளைவு; மில்லிபார் என்பது காற்றழுத்த அளவு, எண் குறையக் குறைய உயரம் கூடும்) இன்னும் பசிபிக் மேலே இருக்கிறதா, கரையேறிவிட்டதா என்றும் பாருங்கள். கடலுக்கு மேலே பலூன் அளவீடு மிகக் குறைவு. செயற்கைக்கோள் தரவே பெரிய துணை. அலை அமெரிக்க மேற்குக்கரைக்குள் நுழைந்ததும் பலூன் நிலையங்கள் அதை நேரடியாக அளக்கின்றன. அதன் பிறகு வரும் ரன்களின் வார்த்தைக்கு மதிப்புக் கூடும்.

நேரக் கணக்கு: மாடல்கள் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. குளிர்காலத்தில் மத்திய நேரம் அதற்கு 6 மணி பின்னால். 12 யு.டி.சி. ரன் என்றால் சிகாகோவில் காலை 6 மணி நிலவரம். ஜி.எஃப்.எஸ். படங்கள் காலை ஒன்பதரை வாக்கில் வரத் தொடங்கும், ஐரோப்பிய மாடல் நண்பகலை ஒட்டி வரும்.

இன்று வெளியே இதமாக இருக்கிறதே என்று புயலை ஒதுக்கிவிடாதீர்கள். 1967 ஜனவரி 24 அன்று சிகாகோவில் வெப்பம் 65 பாரன்ஹீட் வரை போனது. 26, 27 தேதிகளில் 23 இன்ச் பனி கொட்டியது. அந்நகரின் மிகப் பெரிய பனிப்புயல் இன்றுவரை அதுதான்.

நீர் எவ்வளவு?

இரண்டு நாள் இருக்கும்போது நீரளவைப் பாருங்கள், பனியளவை அல்ல. உங்கள் ஊருக்கு ஒவ்வொரு மாடலும் எத்தனை இன்ச் நீர் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொடர்ந்து நான்கு ரன்களுக்கு எழுதினால் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

நீர் கைநழுவுவது இரண்டு இடங்களில். முதலாவது வடக்கு ஓரம். கனடாவிலிருந்து இறங்கிய உயரழுத்தம் வடக்கே அமர்ந்து, வடகிழக்குக் காற்றாக உலர்ந்த காற்றை ஊட்டிக்கொண்டே இருந்தால், ரேடாரில் பச்சையாகத் தெரியும் பனி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். அங்கே 8 இன்ச்சுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே 40 மைல்தான் இருக்கும். டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் திரளத் தொடங்கும் வெப்பநிலை) 10 பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்து, காற்று வடகிழக்கிலிருந்தே வீசினால், பனி தொடங்கும் நேரத்தைச் சில மணி தள்ளிப் போட்டு, அதற்கேற்ப அளவைக் குறையுங்கள்.

இரண்டாவது, தாழ்வின் தெற்கிலிருந்து சுழன்று நுழையும் உலர்காற்று நாக்கு. 700 மில்லிபார் ஈரப்பத வரைபடத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே உள்ள பகுதி உங்கள் ஊருக்குள் நுழையும் மணியைக் குறியுங்கள். அதோடு கனத்த பனி நின்றுவிடும். பின்பு வருவது பெரும்பாலும் தூறல், குளிர்ந்த நாளில் உறைதூறல். காரணம் எளிது: மேகத்தின் உச்சி மைனஸ் 10 செல்சியஸுக்கும் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே பனிப்படிகம் போதுமான அளவு உருவாகாது. துளிகள் உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே இருந்து, தரையில் பட்டதும் கண்ணாடியாக உறையும்.

காற்றின் அடுக்குகள்

கணிப்பு பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். 850 மில்லிபாரில் பூஜ்ய டிகிரிக் கோட்டைப் பார்த்து, அதற்கு வடக்கே எல்லாம் பனி என்று சொல்வது புதியவர்களின் வழக்கம். வெப்பக் காற்று பல நேரம் 850க்கு மேலே, 800 அல்லது 750 மில்லிபாரில் ஊடுருவும். அந்தக் கோட்டில் அது தெரியவே தெரியாது. உயரத்துக்கேற்ப வெப்பநிலையும் ஈரமும் மாறுவதைக் காட்டும் ஸ்கியூ-டி வரைபடத்தைத் திறந்து, தரையிலிருந்து மேகம் வரை வெப்பநிலைக் கோடு பூஜ்யத்தை எங்கேயாவது தாண்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுபோல் பாருங்கள். மேலே உள்ள வெப்ப அடுக்கின் உச்சம் 1 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் செதில் அனேகமாகத் தப்பித்துவிடும். 1 முதல் 3 டிகிரி என்றால் பாதி உருகிக் கீழே மறுபடி உறைந்து ஸ்லீட் எனும் பனிக்கட்டி மணிகளாகும். 3 டிகிரியைத் தாண்டினால் முழுதும் உருகிவிடும். தரையில் உறைநிலை இருந்தால் அது உறைமழை.

டேவன்போர்ட், இல்லினாய் மாநில லிங்கன், ஒமாஹா அருகிலுள்ள வேலி, கிரீன் பே ஆகிய இடங்களிலிருந்து வழக்கமாக 00, 12 யு.டி.சி. பலூன் அளவீடுகள் வரும். புயல் தொடங்கும் நாளில் மாடல் காட்டிய அடுக்கையும் பலூன் அளந்த அடுக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பலூன் 1 டிகிரி கூடுதலாகக் காட்டினால், பனி ஸ்லீட்டாக மாறும் நேரம் முன்னதாகவே வரும்.

தரைமட்டம் வேறு கதை. வெளியே 3 டிகிரி செல்சியஸ் இருக்கிறதே, பனி எப்படி நிற்கும் என்று கேட்பார்கள். டியூ பாயிண்ட் மைனஸ் 5 என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பொழிவு தொடங்கியதும் ஆவியாதல் காற்றைக் குளிர்வித்து ஏறக்குறைய அங்கேயே கொண்டு நிறுத்தும். எனவே தொடக்கத்தில் வெப்பமானியை நம்பாதீர்கள்; ஈரக்குமிழைப் பாருங்கள்.

விகிதம்

ஒரு இன்ச் நீர் 10 இன்ச் பனி என்பது வெறும் வசதிக்கான எண். மிட்வெஸ்டில் சராசரி அதைவிடச் சற்றுக் கூடுதல். ஈரமான மார்ச் பனி 7:1 அளவுக்கு இறங்கும்; கிளிப்பரில் 18:1, 20:1 என்று ஏறும். மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான அடுக்கில்தான் கிளை விரித்த நட்சத்திரப் படிகம் வளரும். காற்று மேலேறும் வேகம் அந்த அடுக்கிலேயே உச்சம் பெற்றால் குவியல் வேகமாக உயரும். உச்சம் அதற்குக் கீழே இருந்தால் ஊசிகளும் துண்டுகளும்தான், நீர் அதேதான் ஆனால் உயரம் வராது. தரைக்காற்று பலமாக வீசினால் கிளைகள் முறிந்து பனி இறுகிப் படியும். விகிதத்தில் இரண்டு, மூன்றைக் கழியுங்கள்.

பல தளங்களில் காணும் குச்சேரா முறை, காற்றுப் பத்தியில் மிக அதிகமான வெப்பநிலையை வைத்து விகிதம் சொல்கிறது. அந்த உச்சம் ஏறத்தாழ மைனஸ் 2 என்றால் 12:1, பூஜ்யம் என்றால் 8:1, மைனஸ் 8 என்றால் 18:1. படிகம் எங்கே வளர்கிறது என்பதையோ காற்றையோ அது பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். டேவன்போர்டுக்கு 0.80 இன்ச் நீர் என்று வையுங்கள். பல 10:1 வரைபடங்கள் ஸ்லீட்டையும் பனியாக எண்ணி 8 இன்ச் என்று வண்ணம் தீட்டிவிடும். அடுக்கைப் பார்த்தால் முதல் 0.30 ஸ்லீட். அதற்கு 2.5:1 போட்டால் முக்கால் இன்ச். அடுத்த 0.30 இன்ச் நீர் 10:1 விகிதத்தில் 3 இன்ச். தாழ்வு கடந்து குளிர் நுழைந்தபின் வரும் 0.20 இன்ச் 14:1 விகிதத்தில் 2.8 இன்ச். கூட்டினால் ஆறரை. வெப்ப அடுக்கு எதிர்பார்த்ததைவிட நேரம் நீடித்து, நடுப்பகுதியின் 0.20 இன்ச் நீர் ஸ்லீட்டாகவே விழுந்தால் 5 இன்ச்தான் மிஞ்சும். இதுதான் உங்கள் கணிப்பு: 5 முதல் 8 வரை, பெரும்பாலும் 6 அல்லது 7. எது நடந்தால் 5, எது நடந்தால் 8 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணைவிட அதுதான் கேட்பவருக்குப் பயன்படும்.

ஏரி

மிச்சிகன் ஏரிக்கரைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏரி நீரின் வெப்பநிலைக்கும் 850 மில்லிபார் வெப்பநிலைக்கும் வித்தியாசம் 13 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏரிப்பனி மேகங்கள் எழும். வடமேற்குக் காற்றில் சவுத் பெண்டுக்கும் தென்மேற்கு மிச்சிகனுக்கும் பனி. வடக்கு, வடகிழக்குக் காற்றில் சிகாகோவுக்கு. காற்றுத் திசை பத்து டிகிரி திரும்பினால் பட்டை பக்கத்து மாவட்டத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே முந்தைய நாளுக்கு முன் இடத்தைச் சுட்டிச் சொல்லாதீர்கள்.

புயல் நாளன்று

மணிக்கொரு முறை ஓடும் ஹெச்.ஆர்.ஆர்.ஆர். மாடலும் ரேடாரும்தான் இனி துணை. ரேடாரில் பிரதிபலிப்பு மட்டும் போதாது. விழும் துகள்கள் ஒரே மாதிரியா, கலவையா என்று காட்டும் கோரிலேஷன் கோஎஃபிஷியன்ட் படத்தையும் திறங்கள். சீரான பனியில் அது 1ஐ ஒட்டி இருக்கும். உருகும் அடுக்கு வந்தால் 0.95க்குக் கீழே இறங்கி, ரேடாரைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். டேவன்போர்ட் ரேடாரில் அல்லது சிகாகோ அருகே 'ரோமியோவில்' என்ற ஊரின் ரேடாரில் அந்த வளையத்தின் ஓரம் உங்களை நோக்கி எத்தனை மைல் வேகத்தில் வருகிறது என்று அளந்தால் மாறும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். வாசலிலும் அடையாளம் உண்டு. தனித்தனியாக விழுந்த செதில்கள் திடீரென நாலைந்து ஒட்டிக்கொண்டு பெரிய பஞ்சுத் துண்டுகளாக இறங்கினால் மேலே பூஜ்ய அடுக்கு நெருங்கிவிட்டது. சற்று நேரத்தில் சட்டைக் கையில் 'டிக் டிக்' என்று ஸ்லீட் தெறிக்கும்.

அளந்து பாருங்கள்

வெள்ளை வண்ணம் பூசிய, 16 அல்லது 24 இன்ச் சதுரப் பலகை ஒன்றைச் சுவரும் மரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். பனி நின்றதும் பத்தில் ஒரு இன்ச் வரை அளவெடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்காதீர்கள். மணிக்கு மணி துடைத்து அளந்து கூட்டினால், பனி தன் எடையால் அமுங்குவது கணக்கில் வராமல் மொத்தம் பொய்யாக வீங்கும். காற்று அடித்துப் பள்ளமும் மேடுமாக இருந்தால் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

நீரளவுக்கு 4 இன்ச் மழைமானியின் புனலையும் உள்குழாயையும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துவிட்டு, வெளிக்குழாயை மட்டும் வெளியே விடுங்கள். பொழிவு முடிந்ததும் உள்ளே கொண்டுவந்து, உள்குழாயில் அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, எல்லாவற்றையும் மறுபடி உள்குழாயில் அளந்து, ஊற்றியதைக் கழியுங்கள். பலகையில் 6.2 இன்ச், நீர் 0.78 என்றால் விகிதம் ஏறக்குறைய 8:1. நீங்கள் 0.80 இன்ச் நீரும் 10:1 விகிதமும் கணித்திருந்தால், நீர் சரியாக வந்திருக்கிறது, குறைந்தது விகிதம். ஸ்லீட் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து வைத்திருந்தால், அடுக்கைத் தவறாகப் படித்தீர்களா, காற்று செதில்களை முறித்ததா என்பதையும் அந்த ஸ்கியூ-டியை மறுபடி திறந்து பிரித்துச் சொல்லிவிடலாம்.