சீமெந்துச் சுவரில் மர பீடிங் பொருத்தும் முறை

வெளிநாட்டு வீடியோக்களில் பீடிங்கை, அதாவது சுவரை அலங்கரிக்கும் மெல்லிய மரப்பட்டியை, சுவரில் பிடித்து, ஆணித் துப்பாக்கியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அங்கே ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் இருக்கிறது, ஆணி அதைப் பிடித்துக்கொள்ளும். கொழும்பு வீடுகளில் இருப்பது செங்கல் அல்லது சீமெந்துக் கல், அதன்மேல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய பூச்சு. அதில் ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லையென்றால் பூச்சு பெயர்ந்து வரும். இங்கே துளை, அதற்குள் தட்டும் பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ, அதோடு பசை. இந்த நான்கும் சேர்ந்தால்தான் நிற்கும்.

மரம்

பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் தேக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். பைன் அல்லது லுனுமிதெல்ல போதும். மரத்தின் நிறம் தெரிய பொலிஷ் செய்வதென்றால் மட்டும் தேக்கு, மஹோகனி பக்கம் போங்கள். எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, நேராகவும் இருக்கும். ஆனால் நிலம் துடைக்கும் ஈரம் படுகிற, சுவரின் அடியில் ஓடும் ஸ்கேர்ட்டிங்குக்கும், குளியலறைக்குப் பின்பக்கச் சுவருக்கும் அது ஆகாது. ஒருமுறை ஊறிப் பருத்தால் திரும்பிச் சுருங்காது.

மொறட்டுவைப் பக்கம் போய் வாங்கினாலும் சரி, பக்கத்து ஹார்ட்வெயாரில் வாங்கினாலும் சரி, ஒவ்வொரு நீளத்தையும் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரை பாருங்கள். சற்று வில்லாக வளைந்ததைச் சமாளிக்கலாம். முறுக்கியதை எடுக்கவே வேண்டாம், அது மூலையில் ஒருநாளும் பொருந்தாது. ஊசி முனைத் துளைகளும் மாவுபோலத் தூளும் தெரிந்தால் பூச்சி விழுந்த மரம்.

வாங்கிய அன்றே வெட்டக்கூடாது. பொருத்தப்போகும் அறையிலேயே, குறுக்குச் சலாகைகள் வைத்து, காற்றுப் போகும்படி ஒரு கிழமை கிடத்துங்கள். ஏசி ஓடும் அறையென்றால் வழக்கம்போல ஓடட்டும். கடையின் ஈரக்காற்றில் ஊறிய மரம் ஏசிக்குள் வந்து குறுக்குவாட்டில் சுருங்கும், அப்போது 45 பாகை மூட்டுகள் வாய் பிளக்கும். மூட்டு விரிகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை வெட்டின் பிழையல்ல, இந்த அவசரத்தின் பிழை.

பொருத்துமுன் பிரைமர் அடியுங்கள், பின்பக்கத்துக்கும் சேர்த்து. முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கம் சுவரின் ஈரத்தைக் குடித்து, பீடிங் குழிவாக வளையும்.

சுவர்

ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் நீர் கோர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சுக்கு 28 நாளாவது விடவேண்டும், ஒக்டோபர், நவம்பர் மழையில் அதற்கும் மேல். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இந்த வேலை சுகமாக நடக்கும்.

சுவிட்சுக்கும் பிளக் பொயின்ட்டுக்கும் நேர் மேலும் கீழும் வயர்க் குழாய் ஓடும். அந்த நேர்கோட்டின் இருபுறமும் ஆறு அங்குலத்துக்குள் துளைக்காதீர்கள். அந்த அறைக்கான பிரேக்கரை இறக்கிவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து வயர் இழுங்கள்.

பழைய சுவரில் பெயின்ட் பொருக்காக எழுந்திருந்தால் பசை பெயின்டைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பீடிங் வரும் பட்டையில் மட்டும் உறுதியான பரப்பு வரும்வரை சுரண்டி, தூளைத் துடைத்துவிடுங்கள்.

அளவு

12 அடி நீளச் சுவரை எடுத்துக்கொள்வோம். நிலத்திலிருந்து 34 அங்குலத்தில் சுவரின் குறுக்கே இடுப்பு மட்டத்தில் ஓடும் ரெயிலின் அடிவிளிம்பு, அதற்குக் கீழே பீடிங்கால் செய்த நான்கு செவ்வகச் சட்டங்கள். 12 அடி என்பது 144 அங்குலம். சட்டங்களுக்கிடையிலும் இரு ஓரங்களிலுமாக 4 அங்குலம் வீதம் ஐந்து இடைவெளிகள், மொத்தம் 20. மீதி 124-ஐ நான்காகப் பிரித்தால் சட்டத்துக்கு 31 அங்குல அகலம். ஸ்கேர்ட்டிங் 4 அங்குலம், அதற்கு மேலும் ரெயிலுக்குக் கீழும் 4 வீதம் விட்டால் உயரம் 22. ஒரு சட்டத்தின் சுற்றளவு 106 அங்குலம் ஆகையால், ஒரு 10 அடி நீளத்திலிருந்து ஒரு சட்டம் வெட்டிக் கொஞ்சம் மிஞ்சும். சட்டங்களுக்கு நான்கு நீளம், பழகவும் பிழைக்கவும் ஒன்று மேலதிகம்.

வெட்டுமுன் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சோபா வந்தால் எது மறையும், சுவிட்ச் எந்தச் சட்டத்தின் விளிம்பில் மோதும் என்று அப்போதுதான் தெரியும். சுவிட்ச் சட்டத்துக்கு உள்ளேயோ வெளியேயோ முழுதாக இருக்கவேண்டும், பீடிங் அதை வெட்டிக்கொண்டு போகக்கூடாது.

ரெயில் கோட்டை நிலத்திலிருந்து அளந்து போடாதீர்கள். பழைய வீட்டு நிலம் மட்டமாக இருக்காது. ஒரு புள்ளியைக் குறித்து, லேசராலோ நீர்க்குழாய் மட்டத்தாலோ சுற்றிவர எடுத்துச் செல்லுங்கள்.

வெட்டு

சட்டங்களுக்கு 30 மில்லிமீற்றர் அகலம், 12 தடிப்பு உள்ள பீடிங் கைக்கு இலகு. வாளை 45 பாகையில் பிடித்து வழிநடத்தும் மைட்டர் பெட்டியும் நுண்பல் வாளும் இருந்தால் போதும். எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் மூன்று மூலை சேரும், நாலாவது திறந்து நிற்கும். ஆகவே அளவுநாடாவை ஒவ்வொரு தடவையும் நம்பாமல், மேசையில் ஒரு கட்டையைத் தடுப்பாக ஆணியடித்து, துண்டின் முனையை அதில் முட்டவைத்து வெட்டுங்கள்.

சட்டத்தைச் சுவரில் துண்டு துண்டாகக் கட்டுவதைவிட, தட்டையான மேசையில் மூலைகளுக்கு வெள்ளைப் பசை தடவி, மெல்லிய பின் ஆணி அடித்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமப்படுத்தி, ஒரு இரவு காயவிடுவது எவ்வளவோ மேல். காய்ந்தபின் ஒரே சட்டமாகத் தூக்கிச் சுவரில் வைக்கலாம்.

ரெயில் இரு சுவர் சேரும் உள்மூலையில் வரும்போது 45 பாகையை நம்பாதீர்கள், அந்த மூலை சரியாக 90 இருப்பது அபூர்வம். முதல் துண்டை மூலைவரை நேராக முட்டவிட்டு, இரண்டாவதின் முனையை முதலாவதின் உருவத்துக்கே மெல்லிய அலகுள்ள கோப்பிங் வாளால் செதுக்கினால், மூலை எத்தனை பாகையானாலும் மூட்டு மூடும்.

பொருத்தல்

ரெயில் முதலில், சட்டங்கள் பிறகு. சட்டத்தில் 4 மில்லிமீற்றர் துளையிட்டு, ஸ்க்ரூத் தலை உள்ளே போகும்படி வாயை அகட்டுங்கள். நீளப் பக்கங்களில் இரண்டு வீதமும் குட்டைப் பக்கங்களில் ஒன்று வீதமும் ஆறு போதும். ரெயிலுக்கு 16 அங்குலத்துக்கு ஒன்று. சட்டத்தைச் சுவரில் பிடித்து, துளைக்குள் ஆணி விட்டு இடத்தைக் குறித்து, இறக்கி வையுங்கள்.

6 மில்லிமீற்றர் அலகில், முனையிலிருந்து 45 மில்லிமீற்றரில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பூச்சைக் கடக்கும்வரை டிரில்லின் ஹாமரை (அடித்துத் துளைக்கும் முறையை) போடவேண்டாம், அலகு வழுக்கித் துளை விலகும். முதலில் சாம்பல் தூள் கொட்டும். செங்கல் சுவரென்றால் பிறகு சிவப்பாகும், அப்போது ஹாமரைப் போடுங்கள். சிவப்பு வராமலே அலகு விழுந்தாற்போல உள்ளே போனால் அது கற்களுக்கிடையிலான சாந்து, பிளக் சுழலும். ஓரங்குலம் தள்ளித் துளையுங்கள்.

30 மில்லிமீற்றர் பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தாமல் இன்னும் 8 மில்லிமீற்றர் உள்ளே தட்டுங்கள். பிளக் பூச்சிலேயே நின்றால் ஸ்க்ரூ இறுகும்போது பூச்சு வெடிக்கும். 4 க்கு 50 மில்லிமீற்றர் ஸ்க்ரூ 12 மில்லிமீற்றர் மரத்தைத் தாண்டி 38 மில்லிமீற்றர் சுவருக்குள் போய் பிளக்கின் அடியை எட்டும். வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோர வீடுகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவே வாங்குங்கள். சாதாரண ஸ்க்ரூவின் துரு புட்டியையும் பெயின்டையும் ஊடுருவிக் கபிலப் பொட்டாக வெளிவரும்.

பின்பக்கத்தில் பசையை நெளிகோடாக விட்டு, ஸ்க்ரூக்களை மாறி மாறி இறுக்குங்கள். சுவர் பள்ளமாக இருக்கும் இடத்தில் இழுத்து இறுக்கினால் மூலை திறக்கும். அங்கே மெல்லிய மரச்சீவலைப் பின்னால் வைத்துவிட்டு இறுக்குங்கள்.

முடிப்பு

ஸ்க்ரூத் தலைகளுக்கு மரப் புட்டி, சற்று மேடாக. அது காயும்போது அமிழும். சுவருக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட கோட்டுக்கு அக்ரிலிக் சீலன்ட். சிலிக்கனைப் பயன்படுத்தாதீர்கள், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியைச் சீலன்டால் நிரப்பினால் காய்ந்து வெடிக்கும், அதற்குச் சுவர்ப் புட்டி. மறுநாள் 180 நம்பர் சாண்ட் பேப்பர், புட்டி வைத்த இடங்களில் மட்டும் மீண்டும் பிரைமர், பிறகு மெல்லிய இரண்டு கோட்.